வெண்புள்ளிக்கு ஒளிச் சிகிச்சை: இழந்த நிறம் எங்கிருந்து திரும்புகிறது?

வெண்புள்ளிக்கு ஒளிச் சிகிச்சை செய்யலாம் என்று சொன்னால் திருகோணமலையில் பெரும்பாலும் திரும்பி வருவது ஒரே கேள்விதான்: “வெளியில இந்த வெயில் எரிக்குதே, அது காணாதா?”

நியாயமான கேள்வி. வருடத்தில் இரண்டு முறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும், சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் வந்து நிற்கிறது. அந்த நாட்களில் நண்பகலில் உப்புவெளிக் கரையில் நின்றால் நிழலைக் காலுக்கடியில் தேட வேண்டும். இப்படி வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில், மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ பஸ் ஏறி வந்து, ஒரு பெட்டிக்குள் சில நிமிடம் நின்று வெளிச்சம் வாங்கிப் போவது வேடிக்கையாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பெட்டியின் வெளிச்சமும் வெயிலும் ஒன்றல்ல. அதைவிட முக்கியமான விஷயம், எந்த வெளிச்சமும் தோலில் நிறத்தைப் பூசுவதில்லை. அது செய்கிற வேலை வேறு, அந்த வேலை நடக்கும் இடமும் வேறு. இது பிடிபட்டால், முகத்தில் நிறம் வந்து விரல் நுனியில் ஏன் வருவதில்லை, மாதக்கணக்கில் ஏன் அலைய வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் விளங்கிவிடும்.

நிறம் போவது எப்படி

தோலின் மேற்படைக்கு அடிவரிசையில் மெலனோசைட் எனப்படும் நிறமிக் கலங்கள் இருக்கின்றன. ஒரு நிறமிக் கலம் தன்னைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 36 தோற்கலங்களுக்கு மெலனின் என்ற நிறப்பொருளைப் பிரித்துக் கொடுக்கிறது. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இந்தக் கலங்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. உருவாகும் மெலனினின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம். வெண்புள்ளி விழுந்த இடத்திலோ நிறமிக் கலமே இல்லை. உற்பத்தி குறையவில்லை, உற்பத்தி செய்ய ஆளே இல்லாமல் போய்விட்டது.

அந்த ஆட்களைத் துரத்துவது நம் உடம்பேதான். கிருமிகளோடு மல்லுக்கட்ட வேண்டிய ரி கலங்கள் என்ற வெள்ளையணுக்களில் ஒரு பகுதி, நிறமிக் கலங்களையே எதிரி என்று எண்ணித் தாக்கத் தொடங்குகிறது. தாக்கும்போது இன்ரர்பெரோன் காமா என்ற பொருளை வெளியிடுகிறது. அதை உணர்ந்த தோற்கலங்கள் வேறு சில இரசாயனச் சமிக்ஞைகளை அனுப்ப, இன்னும் பல ரி கலங்கள் அந்த இடத்தைத் தேடி வருகின்றன. ஒன்று மற்றதைத் தூண்ட, திட்டு அகன்றுகொண்டே போகிறது. இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. தைரொயிட் கோளாறு இவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதால்தான், தோலைக் காட்டப் போன இடத்தில் தைரொயிட்டுக்கு இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார்கள். உலக சனத்தொகையில் 0.5 முதல் 2 சதவீதம் வரையானோருக்கு வெண்புள்ளி இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் நாலைந்து பிள்ளைகளுக்காவது இருக்கும்.

இது தொற்றாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டி அணைத்தாலும் தொற்றாது. கிழக்கில் இந்தப் பயத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவில் தொழுநோயாளரைத் தனியே வைத்துப் பராமரித்த மருத்துவமனை இருந்தது. தோலில் வெளிறிய திட்டு ஒன்று கண்டால் வீடே கலங்கிப் போன காலம் அது. இரண்டும் வெவ்வேறு நோய்கள். தொழுநோய்ப் படையில் நிறம் மங்கும், பால்வெள்ளையாகாது. அந்த இடத்தில் தொடு உணர்ச்சியும் குறைந்திருக்கும். வெண்புள்ளியில் உணர்ச்சி அப்படியே இருக்கும். உறுதிப்படுத்த டொக்டர் அறையை இருட்டாக்கி வூட்ஸ் விளக்கு என்ற சிறிய ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். நிறமி அடியோடு இல்லாத இடம் நீலம் கலந்த சுண்ணாம்பு வெள்ளையாகப் பளிச்சிடும். வெறுங்கண்ணுக்கு இன்னும் தெரியாத புதுத் திட்டுகள்கூட அந்த வெளிச்சத்தில் மாட்டிக்கொள்ளும்.

மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் நோயாளியிடம் மீனை நிறுத்தச் சொல்வது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். நிறுத்த வேண்டியவை வேறு இருக்கின்றன. ஒட்டுப் பொட்டின் பசையில் உள்ள ஒருவகைப் பீனோல் இரசாயனம் நெற்றியில் அதே வட்டத்தில் வெள்ளைத் திட்டை உண்டாக்கலாம். சிலவகை இறப்பர்ச் செருப்பின் வார் பட்ட இடமும், தலைமயிர்ச் சாயம் பட்ட இடமும் அப்படி வெளுப்பதுண்டு. அதோடு, இந்த நோய் உள்ள தோலில் காயமோ உராய்வோ ஏற்பட்ட இடத்திலும் புதிதாக வெள்ளை விழும். உள்பாவாடை நாடா இறுகும் இடுப்பு, பெல்ட் படும் இடம், வலைக்கயிறு தேய்க்கும் கை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மீனைப் பற்றி விசாரிக்கும் உறவினர்கள் பொட்டைப் பற்றிக் கேட்டால் புண்ணியம்.

ஒளி செய்யும் இரண்டு வேலை

முதல் வேலை, தாக்குதலைத் தணிப்பது. யூவி எனப்படும் கழியூதாக் கதிர் தோலுக்குள் புகும்போது அங்கே முகாமிட்டிருக்கும் ரி கலங்களில் பல தாமாகவே மடிகின்றன, மிஞ்சியவற்றின் வேகமும் குறைகிறது. இது மட்டும் நடந்தால் திட்டு பெருகாமல் நிற்கும். நிறம் வராது.

நிறம் வருவது இரண்டாவது வேலையால். வெள்ளைத் திட்டில் நிறமிக் கலம் இல்லை என்றேன். ஆனால் அதே திட்டில் முளைத்திருக்கும் மயிரின் வேரைச் சுற்றியுள்ள உறைக்குள் முதிர்ச்சியடையாத நிறமிக் கலங்களும் அவற்றைப் பெற்றுத்தரும் மூலக்கலங்களும் பதுங்கியிருக்கின்றன. நோயின் தாக்குதல் அவ்வளவு ஆழத்தை எளிதில் எட்டுவதில்லை. நிறமில்லாத இந்தக் கலங்கள் மயிர்வேர் உறையில் இருப்பதை ஸ்டாரிக்கோ என்ற ஆய்வாளர் 1959 இலேயே எழுதிவிட்டார். யூவி பட்ட தோற்கலங்கள் வளர்ச்சிக்குத் தூண்டும் பொருட்களைச் சுரக்கின்றன. அந்தச் சமிக்ஞை மயிர்வேருக்கு எட்டியதும் உறங்கிய கலங்கள் விழித்து, பெருகி, வேரின் வழியாக மேலே ஏறி, தோலின் மேற்பரப்புக்கு வந்து, பிறகு பக்கவாட்டில் பரவுகின்றன. வழியிலேயே முதிர்ந்து மெலனின் செய்யவும் பழகிக்கொள்கின்றன.

இதைக் கண்ணால் பார்க்கலாம். சிகிச்சை தொடங்கிச் சில வாரங்கள் கழிந்த ஒரு திட்டைப் பூதக்கண்ணாடியால் உற்றுப் பார்த்தால், வெள்ளையின் நடுவே கடுகளவில் மண்ணிறப் புள்ளி ஒன்று தெரியும். அதன் சரி நடுவில் ஒரு பூனை மயிர் நிற்கும். கொஞ்ச நாளில் பக்கத்து மயிரைச் சுற்றி இன்னொரு புள்ளி. புள்ளிகள் அகன்று அகன்று ஒன்றையொன்று தொட்டதும் திட்டு மறையத் தொடங்குகிறது. திட்டின் ஓரத்தில் உள்ள நல்ல தோலிலிருந்தும் நிறம் உள்ளே நகர்வதுண்டு, ஆனால் பெரிய திட்டை நிரப்புவது பெரும்பாலும் இந்தப் புள்ளிகள்தான்.

ஆகவே சிகிச்சைக்குப் போகும் முன்னரே வீட்டில் கண்ணாடி முன் நின்று செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. திட்டுக்குள் உள்ள மயிர் கறுப்பா, வெள்ளையா? கறுப்பாக இருந்தால் வேரில் கையிருப்பு இருக்கிறது என்று பொருள். மயிரும் வெளுத்துவிட்டால் கையிருப்பும் கரைந்துவிட்டது, அந்த இடத்தில் ஒளி பெரிதாக ஒன்றும் செய்யாது. விரல் நுனி, உள்ளங்கை, உதடு போன்ற இடங்களில் மயிரே இல்லை. அங்கே எழுப்புவதற்கு யாருமில்லை.

கார்போகரிசியிலிருந்து ரியூப் லைட் வரை

ஒளியால் வெண்புள்ளிக்கு வைத்தியம் பார்ப்பது புதிதல்ல. கார்போகரிசி என்ற செடியின் விதையை அரைத்துப் பூசி வெயில் காட்டும் முறை நம் நாட்டு வைத்தியத்தில் மிகப் பழையது. எகிப்தில் நைல் ஆற்றோரம் வளரும் ஒரு பூண்டின் விதையை இதே நோக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு செடிகளிலும் இருப்பது சோரலன் என்ற ஒரே குடும்பத்துப் பொருட்கள். 1940களில் கெய்ரோவில் எல் மொப்தி என்ற தோல் வைத்தியர் அந்த எகிப்தியப் பூண்டிலிருந்து பிரித்தெடுத்த சோரலனை நோயாளிகளுக்குக் கொடுத்து வெயிலில் நிற்க வைத்துப் பார்த்தார். 1970களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெயிலுக்குப் பதில் யூவிஏ, அதாவது அலைநீளம் கூடிய கழியூதாக் கதிர், கொடுக்கும் விளக்குப் பெட்டி வந்தது. சோரலன் குளிசையும் யூவிஏயும் சேர்ந்த அந்த முறைக்கு பூவா என்று பெயர்.

பூவா வேலை செய்தது. ஆனால் குளிசை குமட்டும். குடித்த நாள் முழுக்கக் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க முடியாது. நீண்டகாலம் எடுத்த வெள்ளைத் தோல்காரரிடம், குறிப்பாக சொரியாசிஸ் நோயாளரிடம், தோற்புற்று கூடியது. இன்றைய முறைக்கு வழி திறந்தது 1997 இல் நெதர்லாந்தில் வெஸ்டர்ஹோப் குழு வெளியிட்ட ஆய்வு. மருந்து எதுவும் இல்லாமல், யூவிஏயைவிட அலைநீளம் குறைந்த யூவிபி கதிரை, அதிலும் 311 நானோமீற்றரை ஒட்டியதை மட்டும் வாரம் இரண்டு முறை கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் 67 சதவீதமானோரிடம் நிறம் திரும்பத் தொடங்கியது. சோரலனைத் தோலில் பூசி யூவிஏ கொடுத்தவர்களில் அது 46 சதவீதம்தான். நரோபாண்ட் யூவிபி என்று கிளினிக்குகளில் சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. தேசிக்காய்ப் புளியைத் திட்டில் பூசிக்கொண்டு வெயிலில் நிற்பது சிலர் சொல்லிக் கொடுக்கும் கைவைத்தியம். தேசிக்காயில், முக்கியமாகத் தோலில், சோரலன் இருப்பது உண்மைதான். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு ஊறியது, எவ்வளவு வெயில் பட்டது என்று எந்த அளவும் இல்லாததுதான் வில்லங்கம். கொப்புளம் போட்டுத் தோல் உரியும், அந்தக் காயத்தைச் சுற்றி வெண்புள்ளி இன்னும் விரியும். செய்யவே வேண்டாம்.

சரி, வெயில் ஏன் காணாது?

நிலத்துக்கு வந்து சேரும் யூவியில் ஏறத்தாழ 95 சதவீதம் யூவிஏ, மிச்சம்தான் யூவிபி. அந்த மிச்சத்திலும் நமக்கு வேண்டிய 311 சுற்றுவட்டாரம் ஒரு சிறு துண்டு. 300க்குக் கீழே போனால் பலனைவிடப் பொசுக்குவதே அதிகம். பெட்டியில் உள்ள ரியூப் லைட்டுகள் அந்தப் பொசுக்கும் பகுதியைத் தவிர்த்து, 311 முதல் 313 வரையான மெல்லிய பட்டையில் மட்டும் கொட்டும்படி செய்யப்பட்டவை. வெயிலில் வேண்டிய அளவு யூவிபி சேர்வதற்குள் வேண்டாத யூவிஏயும் சூடும் எவ்வளவோ சேர்ந்துவிடும்.

வெயிலை அளக்கவும் முடியாது. காலை எட்டு மணி வெயில் வேறு, பதினொரு மணி வெயில் வேறு. மேகம் ஒன்று கடந்தால் கணக்கு மாறும். காய்ந்த கடல்மணல் தன்மேல் விழும் யூவியில் சுமார் 15 சதவீதத்தையும், கடல்நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனவே நிலாவெளிக் கடற்கரையில் தொப்பி போட்டுக் கொண்டு நின்றாலும் கீழிருந்து வெயில் படும். மெலனின் இல்லாத திட்டுக்குக் குடையே கிடையாது. பக்கத்துத் தோலுக்கு வெறும் இளஞ்சூடாகத் தெரியும் வெயில் அங்கே எரிவாக இறங்கும். எரிந்த இடத்தில் வெள்ளை பெருகும். பக்கத்துத் தோல் இதற்கிடையில் நன்றாகக் கறுத்து, திட்டை முன்பைவிடத் தூக்கிக் காட்டும். நாள் முழுக்கத் தோணியில் நிற்கும் கடற்றொழிலாளிக்கு வெண்புள்ளி வந்தால் அவர் வெயிலே குடித்து வளர்ந்தவர்தானே, ஏன் ஆறவில்லை என்ற கேள்விக்கும் இதுவே விடை.

விளக்குப் பெட்டிக்கு வசதியில்லாத இடங்களில் வைத்தியர்களே அளவு சொல்லி வெயில் காட்டச் சொல்வதும் உண்டு. எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எந்தப் பகுதிக்கு என்று எழுதிக் கொடுத்தால் அது வைத்தியம். மற்றதெல்லாம் வெயிலில் நிற்பது, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் நடப்பது

ஆள் உயரத்துக்கு நிற்கும் ஓர் அலுமாரி, உள்ளே நாலு பக்கமும் ரியூப் லைட். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பு மூடும் உடை. கண் இமையில் திட்டு இருந்தால் வைத்தியர் சொல்லும் முறைப்படி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்க வேண்டும். போகும்போது திட்டில் கிரீமோ வாசனைத் திரவியமோ இருக்கக் கூடாது. பலருக்கும் யாரும் சொல்லாத ஒன்று, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு உள்ளாடையே உடுத்த வேண்டும். இன்று கொஞ்சம் சின்னதாகப் போட்டால், இதுவரை ஒளியே படாத ஒரு கீற்றுத் தோலுக்கு முழு அளவும் ஒரேயடியாக விழுந்து எரிந்துவிடும்.

முதல் நாள் அளவு பெரும்பாலும் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 200 மில்லியூல் (மில்லியூல் என்பது தோலில் விழும் ஒளிச் சக்தியை அளக்கும் அலகு). பெட்டியின் வேகத்தைப் பொறுத்து ஒரு நிமிடத்துக்கு முன்பின் முடிந்துவிடும். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 சதவீதம் கூட்டுவார்கள். திட்டு மெல்லிய ரோஸ் நிறமாகி 24 மணி நேரத்துக்குள் மறைந்தால் அதுதான் சரியான அளவு. அடுத்த நாளும் சிவப்பு நின்றால் குறைக்க வேண்டும். எரிந்தாலோ கொப்புளித்தாலோ அது ஆறும்வரை நிறுத்த வேண்டும். ஆகவே மறுநாள் காலையில் திட்டின் நிறத்தைப் பார்த்து, ஒரு கொப்பியில் இரண்டு வார்த்தை குறித்துவைத்து அடுத்த முறை காட்டுவது நோயாளியின் வேலை. ‘ஒண்டும் செய்யேல்ல’ என்று வாயால் சொல்வதைவிட அந்தக் குறிப்பு பயன்படும். முகத்துக்கு 1500, உடம்புக்கு 3000 மில்லியூல் என்பது வழக்கமான உச்சம்.

வாரம் மூன்று நாள் சிறந்தது, இரண்டு நாள் ஏற்கத்தக்கது. அடுத்தடுத்த நாட்களில் கூடாது, ஏனென்றால் எரிவு தெரிய நேரம் எடுக்கும். 2017 இல் வெண்புள்ளி நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட பரிந்துரைப்படி, பலன் இல்லை என்று முடிவுகட்டக் குறைந்தது 48 முறை எடுத்திருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பும் சிலருக்கு 72 வரை பார்க்கலாம். வாரம் மூன்று நாள் போனால் 48 முறைக்கு நாலு மாதம், இரண்டு நாள் போனால் ஆறு மாதம். இந்தக் கணக்கை முதல் நாளே நோயாளிக்குச் சொல்லாவிட்டால் ஆறாவது கிழமையில் ஆள் வருவதை நிறுத்திவிடுவார். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முதல் மாதத்தில் நல்ல தோல்தான் முதலில் கறுக்கும், திட்டு இன்னும் வெள்ளையாகத் தெரியும். நிலைமை மோசமாகிறது என்று மனம் சொல்லும், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். கடுகுப் புள்ளிகள் எழுவதற்குச் சற்று முன்னால் கைவிட்டவர்கள் நிறையப் பேர்.

இடையில் தவறினாலும் விதி உண்டு. 4 முதல் 7 நாள் தவறினால் பழைய அளவிலேயே தொடரலாம். 8 முதல் 14 நாள் என்றால் 25 சதவீதம் குறைக்க வேண்டும், 15 முதல் 21 நாள் என்றால் பாதியாக்க வேண்டும். மூன்று கிழமைக்கு மேல் போனால் மீண்டும் முதலிலிருந்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை வெள்ளத்தில் மூழ்கி இரண்டு கிழமை வராமல் விட்டவர் ஒன்றுமே நடக்காததுபோல் பழைய அளவில் நின்றால் எரிந்துவிடும். வந்ததும் முதலில் சொல்ல வேண்டியது கடைசியாக வந்த திகதியை.

அலைச்சல்தான் இதன் உண்மையான விலை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதை எவ்வளவோ இலகுவாகிவிட்டது. ஆனாலும் வாரம் மூன்று நாள் என்பது நாள்கூலிக்காரருக்கு மூன்று அரைநாட் சம்பளம். கிளினிக் நேரத்தைப் பள்ளிக்கூட நேரத்தோடு ஒத்துவரும்படி வைத்தால் எத்தனையோ பிள்ளைகள் முழுதாக முடிப்பார்கள் என்பது என் எண்ணம். சிறு திட்டு ஒன்றிரண்டு மட்டும் உள்ளவர்களுக்குக் கையில் பிடிக்கும் சின்ன யூவிபி விளக்கு வெளிநாடுகளில் வீட்டுக்கே கொடுக்கப்படுகிறது. ஆனால் அளவைக் கூட்டிக் குறைக்க வழிகாட்டும் வைத்தியர் இல்லாமல் இணையத்தில் வாங்கிப் பாவிப்பது தேசிக்காய் வைத்தியத்தின் மின்சார வடிவம்தான். 308 நானோமீற்றரில் இயங்கும் எக்ஸைமர் லேசர் திட்டை மட்டும் குறிவைத்து அடிக்கும், சுற்றியுள்ள தோல் கறுக்காது. விலை அதிகம், உடம்பெங்கும் பரவிய நோய்க்குச் சரிவராது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

2017 இல் பல ஆய்வுகளை ஒன்று சேர்த்து வெளியான பகுப்பாய்வு ஒன்றின் எண்கள் தெளிவானவை. ஆறு மாதம் நரோபாண்ட் யூவிபி எடுத்தவர்களில் 74 சதவீதமானோருக்குக் குறைந்தது கால் பங்கு நிறமாவது திரும்பியது. முக்கால் பங்கும் அதற்கு மேலும் திரும்பியவர்கள் ஆறு மாதத்தில் 19 சதவீதம், ஒரு வருடத்தில் 36 சதவீதம். அதாவது பொறுமைக்கு நேரடியான பலன் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் முழுதாக வராது. இடவாரியாகப் பார்த்தால் முகம், கழுத்தில் 44 சதவீதத்தினருக்கு அந்த முக்கால் பங்கு கிடைத்தது. உடலில் 26, கை கால்களில் 17. மணிக்கட்டுக்குக் கீழும் கணுக்காலுக்குக் கீழும் யாருக்கும் கிடைக்கவில்லை. மயிர்வேர்க் கணக்கு அப்படியே எண்ணாகி நிற்கிறது. முகத்துக்கு நம்பிக்கையோடு வரலாம், விரலுக்கு வாக்குறுதி கொடுக்கும் யாரையும் நம்ப வேண்டாம்.

ஒளியைத் தனியாகக் கொடுப்பதைவிடச் சேர்த்துக் கொடுப்பதே இப்போது வழக்கம். ஸ்டெரொயிட் கிரீமோ, ரி கலங்களின் தாக்குதலைத் தணிக்கும் டக்ரோலிமஸ் களிம்போ திட்டில் பூசுவார்கள். நோய் வேகமாகப் பரவினால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஸ்டெரொயிட் குளிசை கொடுக்கும் முறை இருக்கிறது. இந்தியாவில் தொடங்கியது அது. இன்ரர்பெரோன் சமிக்ஞையை இடையில் அறுக்கும் ருக்சோலிட்டினிப் கிரீமுக்கு அமெரிக்காவில் 2022 யூலையில் அனுமதி கிடைத்தது. வெண்புள்ளியில் நிறத்தைத் திருப்புவதற்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். கையிருப்பே இல்லாத இடத்துக்கு, நோய் ஒரு வருடமாவது அசையாமல் நின்ற பிறகு, தொடையிலிருந்தோ வேறு மறைவான இடத்திலிருந்தோ நல்ல தோலை எடுத்துப் பதிக்கலாம். பதித்த பிறகு அந்தக் கலங்களைப் பரவ வைக்க மறுபடியும் இதே ஒளிதான். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும் வகைக்கு அந்த வழி நன்றாகப் பொருந்தும். அந்த வகையில் மயிர் சீக்கிரமே வெளுத்துவிடுவதால் ஒளி மட்டும் கொடுத்துப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

பக்கவிளைவைப் பற்றிப் பயப்படுபவர்கள் பெரும்பாலும் கேட்பது புற்றுநோய். நரோபாண்ட் யூவிபி எடுத்த வெண்புள்ளி நோயாளரிடம் தோற்புற்று கூடியதாக இதுவரையான ஆய்வுகள் காட்டவில்லை. அன்றாடம் வருவது தோல் வரட்சி, கடி, சில நேரம் எரிவு. கர்ப்பிணிகளுக்கும் சிறுவருக்கும் கொடுக்கலாம். பெட்டிக்குள் அசையாமல் தனியே நிற்கக்கூடிய வயது வந்தால் போதும். உடம்பு தன்னையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் உள்ளவர்களும், ஒளிக்குத் தோலைக் கூசச் செய்யும் மருந்துகள் எடுப்பவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் போன்ற சாதாரண மருந்தும் இதில் அடங்கும். சிகிச்சை முடிந்த நாளில் வெளியே வந்து வெயிலில் நடந்தால் அது இரண்டாவது அளவாகிவிடும். ஆகவே வீடு போகும் வழிக்குச் சன்ஸ்கிரீன், நீளக்கை, குடை.

வந்த நிறத்தைக் காப்பது

நிறம் திரும்பியதும் ஒரேயடியாக நிறுத்துவதில்லை. முதல் மாதம் வாரம் இரண்டு, அடுத்த மாதம் வாரம் ஒன்று, அதன்பின் இரண்டு மாதம் இரண்டு கிழமைக்கு ஒன்று என்று இறக்கி, பிறகு நிறுத்துவது வழக்கம். அப்படியும் பழைய இடத்திலேயே வெள்ளை மறுபடி விழலாம். முன்பு தாக்கிய ரி கலங்களில் சில அந்தத் தோலிலேயே நினைவோடு தங்கிவிடுகின்றன. நிறம் நிரம்பியதால் அவை போய்விட்டன என்று ஆகாது.

2015 இல் பிரான்சில் வெளியான ஆய்வொன்றில், நிறம் திரும்பிய திட்டுகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு வெறும் களிம்பும் மற்றதுக்கு டக்ரோலிமஸ் களிம்பும் வாரம் இரண்டு முறை பூசிக்கொண்டு வந்தார்கள். ஆறு மாதத்தில் வெறும் களிம்பு பூசியவற்றில் 40 சதவீதத்தில் நிறம் மறுபடி போனது. டக்ரோலிமஸ் பூசியவற்றில் 9.7 சதவீதம்தான். ஆகவே கடைசி நாள் பெட்டியிலிருந்து வெளியே வரும்போது வைத்தியரிடம் கேட்க வேண்டியது, இனி வாரம் இரண்டு இரவு எதைப் பூசுவது, அடுத்த கிளினிக் எப்போது என்பதை. ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒருமுறை எடுத்த படங்கள் போனில் இருந்தால் அங்கே காட்டலாம். புதிதாக ஒரு வெள்ளை தலைகாட்டினால், சிறிதாக இருக்கும்போதே திரும்பப் போவதுதான் குறைந்த அலைச்சல்.